இடது கட்டைவிரல் நடந்த தூரம்

எனக்குப் பிசியோதெரபி கொடுத்த ஸ்டெல்லா மேடம்தான் இதை எழுதச் சொன்னார். "உங்களுக்கு வந்த அதே நோயோட வர்றவங்க மொத வாரத்துல ரொம்பப் பயந்துடறாங்க மலர். நாங்க தைரியம் சொன்னா, ஆஸ்பத்திரிக்காரங்க அப்படித்தான் சொல்லுவாங்கன்னு நெனைக்கறாங்க. நீங்க எழுதிக் குடுங்க, படிச்சுக் காட்டறேன்" என்றார். ஷிஃப்ட் ரிப்போர்ட் தவிர நான் எதையும் எழுதியதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

ஒரகடத்தில் கார்களுக்கு வயரிங் கட்டும் கம்பெனியில் எனக்கு டெஸ்டிங் வேலை. ஒரு காருக்குள் ஓடும் அத்தனை வயர்களையும் ஒரே கொத்தாகக் கட்டிப் பலகையில் விரித்திருப்பார்கள். இந்த முனையில் கொடுத்த கரண்ட் அந்த முனைக்குப் போகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. பச்சை விளக்கு எரிந்தால் பீஸ் பாஸ். சிவப்பு எரிந்தால் தள்ளி வைத்துவிடுவோம்.

ஒரு வாரம் வயிற்றுப்போக்கு இருந்து சரியாகியிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு பாதங்களிலும் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு. எட்டு மணி நேரம் நிற்கிற வேலை, கால் மரத்துப்போவது புதிதில்லை என்று விட்டுவிட்டேன். மறுநாள் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினேன். அதற்கும் மறுநாள் லைனில் கையிலிருந்த கனெக்டர் மூன்று முறை கீழே விழுந்தது. "இன்னா மலர், தூக்கமா?" என்று சூப்பர்வைசர் கேட்டார். டீ பிரேக்கில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்புக்குக் கீழே இருப்பது வேறு யாருடைய கால்களோ போலக் கிடந்தது.

என் கணவர் இசக்கி பக்கத்துக் கம்பெனியில் மெஷின் பராமரிப்பு டெக்னீஷியன். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். பதற்றம் வந்தால் ஊர்ப் பேச்சு கூடிவிடும். "ஒண்ணும் இல்லட்டி, ஒண்ணும் இல்ல, நான் இருக்கேம்லா" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் இருக்கும் மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் வரை அதையேதான் சொன்னார்.

நரம்பு டாக்டர் சிறிய ரப்பர் சுத்தியலால் முட்டியில் தட்டினார். கால் அசையவில்லை. கைகளிலும் கால்களிலும் சின்னச் சின்னதாக மின்சாரம் கொடுத்து நரம்பு அதை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று ஒரு மெஷினில் பார்த்தார்கள். நான் தினமும் வயர்களுக்குச் செய்வதை எனக்கே செய்தார்கள். பிறகு ஒருக்களித்துச் சுருண்டு படுக்கச் சொல்லி, முதுகெலும்பின் நடுவே ஊசி போட்டு, தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீரில் கொஞ்சம் எடுத்தார்கள். கேட்கத்தான் பயமாக இருக்கும். ஊசி போகும்போது யாரோ முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்துவது போலத்தான் இருந்தது.

அன்று மாலையே டாக்டர் வந்து சொன்னார். நோயின் பெயர் நீளமானது. சுருக்கமாக ஜிபிஎஸ் என்றார்.

"வயித்துல ஏதோ கிருமி வந்திருக்கு. அத அடிக்க உங்க உடம்பு ஆள் அனுப்பியிருக்கு. அவங்க கிருமிய அடிச்சு முடிச்சதும் நிறுத்தல. நரம்பு மேல இருக்கற உறையையும் கிருமின்னு நெனச்சு அரிக்க ஆரம்பிச்சுட்டாங்க."

"இன்சுலேஷன் போயிடுச்சா சார்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்க வேலை செய்யறீங்க?"

"வயரிங் லைன்ல. டெஸ்டிங்."

"அப்ப நான் விளக்கவே வேணாம். உள்ள கம்பி நல்லாத்தான் இருக்கு. மேல இருக்கறதுதான் போயிருக்கு. அது திரும்ப வளரும். கொஞ்சம் கொஞ்சமா."

"இந்த மாரி பீஸ நாங்க ரிஜெக்ட் பண்ணிடுவோம் சார்."

"நாங்க பண்ண மாட்டோம்" என்றார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஐசியூவுக்குப் போனேன்.

இந்த நோய் காலிலிருந்து மேலே ஏறும். மார்பு வரை ஏறினால் மூச்சு விடும் தசைகள் தளர்ந்துபோகும். அதனால்தான் ஐசியூ. வேளைக்கு ஒரு முறை நர்ஸ் வந்து, மூச்சை நன்றாக இழுத்து ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார். முதல் நாள் முப்பத்தொன்று வரை போனேன். மறுநாள் இருபத்திரண்டு. மூன்றாம் நாள் பதினான்கு. இன்னும் இறங்கினால் தொண்டையில் குழாய் வைத்து மெஷின் மூலம் மூச்சு கொடுக்க வேண்டும் என்றார்கள். மெஷினைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தும் வைத்துவிட்டார்கள். கையில் ஐந்து நாளுக்கான மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம் அது. வழிதவறிப்போன என் ஆட்களை அது அடக்கும் என்றார்கள்.

காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் ஒரே ஒருவரை உள்ளே விடுவார்கள். முதல் நாள் இசக்கி வந்து நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டு, பத்து நிமிடமும் பேசாமலேயே போனார். இரண்டாம் நாளும் அப்படித்தான் போகும் என்று நினைத்தேன். நேரம் முடிய இருக்கும்போது, "நேத்து கேம்ல ஒரு எடத்துக்குப் போனேன் பாத்துக்க" என்றார்.

அந்த கேமைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய லேப்டாப் ஒன்றில் இரண்டு வருடமாக அதை ஆடிக்கொண்டிருந்தார். வாள், மந்திரம், டிராகன் எல்லாம் இருக்கும் ஒரு பெரிய உலகம். இந்த வழியாகத்தான் போக வேண்டும் என்று எதுவும் இல்லை. குதிரையில் ஏறி எந்தத் திசையில் வேண்டுமானாலும் போகலாம். மூலிகை பறிக்கலாம், கத்தி அடிக்கலாம், முன்பின் தெரியாதவர்களுக்கு உதவி செய்யலாம். எனக்கு அதைக் கண்டாலே எரியும். "அந்த ஒலகத்துலயே ஒருத்தியக் கட்டிக்கினு அங்கயே இருங்க" என்று எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன்.

நான் இங்கே மூச்சு எண்ணிக்கொண்டிருக்க, இந்த மனிதர் கேம் ஆடுகிறாரா என்று கோபம் வந்தது. திட்ட மூச்சு இல்லாததால் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வெள்ள வெளேர்னு மல. ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா நிக்கி. சுத்தி தரையெல்லாம் கட்டம் கட்டமாத் தண்ணி. ஒவ்வொரு கட்டத்துலயும் தனித்தனியா வானம் தெரியுது."

நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றார்.

மாலையில் வந்ததும் நானே கண்ணால் கேட்டேன். அந்த மலைகளுக்கு அடியில் ஒரு டிராகன் உறங்குகிறதாம். அது விழிப்பதற்குள் ஊர்ப் பெண்கள் மலையையே கூடை கூடையாக அள்ளி வேறிடம் மாற்றுகிறார்களாம். தலையில் கூடை, காலில் சத்தமில்லாத நடை. யாரும் பேசக் கூடாது. ஒரு பெண்ணுக்கு மட்டும் இருமல் வந்து, அதை அடக்கிக்கொண்டே நடக்கிறாள். "அவளுக்கு என்னாச்சு?" என்று முனகினேன். "நாளைக்குச் சொல்லுதேன்" என்றார்.

பதினான்கு எண்ணிய அன்று அந்த இருமல்காரிக்கு என்ன ஆயிற்று என்பது இன்னும் தெரிந்திருக்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் மெஷினுக்குப் போகக் கூடாது என்றிருந்தது. அடுத்த நாளும் பதினான்கு. அதற்கடுத்த நாள் பதினாறு. இருபதைத் தாண்டியபோது கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த மெஷினை உருட்டிக்கொண்டு போனார்கள். அதன் சக்கரச் சத்தத்தை நான் மறக்கவே மாட்டேன்.

பத்தாம் நாள் இரண்டு கட்டில் இருந்த அறைக்கு மாற்றினார்கள். உயிருக்கு ஆபத்து நீங்கிவிட்டது. ஆனால் கழுத்துக்குக் கீழே பெரிதாக எதுவும் அசையவில்லை. போர்வை பட்டாலே பாதம் தீயில் வைத்தது போல எரியும். நரம்பு திரும்பி வரும்போது இப்படி வலிக்கும் என்று தெரியாமல், நோய் முற்றிவிட்டது என்று முதல் நாள் அழுதேன். இதைப் படிக்கக் கேட்கிறவர்கள் பயப்பட வேண்டாம். மருந்து கேளுங்கள், கொடுப்பார்கள்.

வடக்குப்பட்டிலிருந்து என் அக்கா தேவி பகலில் வந்து என்னைப் பார்த்துக்கொண்டாள். வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள், என்னைக் கேட்காமல், என் தலைக்கு. அடுத்த கட்டிலில் பர்வீன் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர். ஸ்கூட்டரில் போகும்போது லாரி உரசி, தொடை எலும்பில் கம்பி வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு மேலே பார்த்துத்தான் யாரிடமும் பேசுவார்.

இசக்கி லேப்டாப்போடு வந்தபோது, "அந்த வெள்ளை மலையக் காட்டுங்க" என்றேன்.

திறந்தார். ஏதேதோ காட்டினார். காடு, கோட்டை, பாலம்.

"மலை எங்க?"

அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "அப்படி ஒண்ணு இதுல கெடையாதுட்டி."

"இன்னா சொல்றீங்க?"

"நான் எங்க ஆடுனேன்? நீ உள்ள கெடக்க, வெளிய வராண்டால அந்தச் சேர்லதான் இருந்தேன். லேப்டாப்பத் தொடக்கூட இல்ல. ஒங்கிட்ட வந்து நின்னா ஒண்ணும் பேச வரல. வாயில வந்தத சொன்னேன். அது எங்கூரு உப்பளம். எங்கம்மா இருமிக்கிட்டே உப்பு சொமந்தால்லா, அதான்."

கல்யாணமாகி ஏழு வருடத்தில் அவர் தன் அம்மா பார்த்த வேலையைப் பற்றி என்னிடம் சொன்னதேயில்லை. அக்காதான் பேசினாள். "டிராகன்னு சொல்லி ஏமாத்திக்கினு இருந்தியா? நல்ல ஆளுப்பா நீ." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, உண்மையாவே எதாவது மலை இருந்தா ஏத்திக் காட்டுங்க" என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவருடைய பழைய ஆட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, எனக்கென்று புதிதாக ஒன்று தொடங்கினார். முதலில் முகம் செய்ய வேண்டும். மூக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆனது. "கொஞ்சம் சின்னதா. ஐயோ, அவ்ளோ இல்ல. இப்ப இன்னா கிளி மாரி கீது?" என்று படுத்தபடியே நான் சொல்ல, அவர் மாற்றிக்கொண்டேயிருந்தார். கடைசியில் உயரமாக, தோள் அகலமாக, ஒரு கன்னத்தில் தழும்போடு ஒரு பெண் எழுந்து நின்றாள். அவள் எழுந்து நின்றதைப் பார்க்கவே எனக்கு நன்றாக இருந்தது.

கை இசக்கியுடையது, வழி என்னுடையது. அவர் எங்கே சண்டை இருக்கிறதோ அங்கே ஓடுவார். நான் விடமாட்டேன். "அந்தக் குடிசைல யார் இருக்காங்க பாருங்க. அந்த ஆத்துக்கு அந்தாண்ட இன்னா கீது?" ஒரு நாள் கடைக்குள் நுழைந்து, கடைக்காரன் திரும்பி நின்ற நேரத்தில் ரொட்டியை எடுத்துப் பைக்குள் போட்டார்.

"காசு குடுத்தீங்களா?" அடுத்த கட்டிலிலிருந்து குரல்.

இசக்கி திடுக்கிட்டார். "டீச்சர், இது கேமு."

"கடைக்காரர் பாக்கலன்னா திருட்டு இல்லன்னு ஆயிடுமா? திரும்ப வைங்க."

திரும்ப வைத்தார். வைக்கும்போது கடைக்காரன் பார்த்துவிட்டுக் காவலாளியைக் கூப்பிட, எங்கள் பெண் ஜெயிலுக்குப் போனாள். டீச்சர் மூன்று நாள் அதற்காக வருத்தப்பட்டார். அன்று முதல் அவருடைய கட்டிலைத் திரை தெரியும்படி நர்ஸ் கொஞ்சம் திருப்பிப் போட்டுவிட்டார்.

இசக்கியின் லீவு தீர்ந்தது. முதல் ஷிஃப்ட் போய்விட்டு மூன்றரை மணிக்குத்தான் வருவார். பகல் நீளமாகிவிட்டது. அந்த வாரம்தான் என்னை முதல் முறையாக நிற்க வைத்தார்கள். இரண்டு பக்கமும் கம்பி, இடுப்பில் பெல்ட், பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தபடி ஸ்டெல்லா மேடம். மூன்று நொடி நின்றேன். பிறகு முட்டி மடங்கி அவர் மேலேயே சரிந்தேன். அறைக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். முப்பத்திரண்டு வயதில் இனி இப்படியேதானா என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளக்கூட முடியவில்லை, திரும்ப அக்கா வேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் சொன்னார், "நேத்து நீங்க நிக்கவே இல்ல. இன்னைக்கு மூணு செகண்ட். சைபரைவிட மூணு பெருசுங்க. இது எனக்குத் தெரிஞ்ச பாடம்."

இரண்டு நாள் கழித்து, இடது கைக் கட்டைவிரல் லேசாக முன்னால் நகர்ந்தது. வேறு விரல் எதுவும் இல்லை. அது மட்டும். இசக்கி லேப்டாப்போடு மேஜையில் விட்டுப்போயிருந்த கேம் கண்ட்ரோலரை ஸ்டெல்லா மேடம் பார்த்தார். இரண்டு கையால் பிடித்து ஆடுவது அது. இடது பக்கம் ஒரு சின்னக் குமிழ். அதை முன்னால் தள்ளினால் ஆள் நடப்பாள்.

"கேம் ஆடினா நரம்பு வளராது. அது தானா வளரும், அதுக்கு நேரம் எடுக்கும்" என்று முதலிலேயே தெளிவாகச் சொன்னார். "ஆனா வளர்ந்த நரம்ப வேலை வாங்கணும். பந்த அமுக்குங்கன்னா பத்து தடவையோட நிறுத்திடுவீங்க. இத நிறுத்த மாட்டீங்க." என் வயிற்றின்மேல் தலையணையை வைத்து, அதன்மேல் கண்ட்ரோலரை வைத்து, கட்டைவிரலைக் குமிழின்மேல் எடுத்து வைத்தார். "களைப்பா இருந்தா உடனே நிறுத்திடணும்."

தள்ளினேன். திரையில் என் பெண் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

பக்கவாட்டில் தள்ள வலுவில்லை. அதனால் அவளால் நேராக மட்டுமே போக முடியும். போனாள். விரல் சோர்ந்தால் நிற்பாள். காற்றில் அவள் முடி பறக்கும். பிறகு மறுபடி நடப்பாள். ஒரு கோதுமை வயலின் நடுவே போனாள். ஆறு வந்தது, திரும்ப வழியில்லாமல் அதற்குள்ளேயே இறங்கி அந்தப் பக்கம் ஏறினாள். பெரிய ஏரி ஒன்று ஓரமாகத் தெரிந்தது. "செம்பரம்பாக்கம் மாரியே கீதுடி" என்றாள் அக்கா. அவள் அதுவரை அந்தப் பெட்டியை ஒரு பொருட்டாகவே பார்த்ததில்லை.

குன்று ஒன்றில் ஏறும்போது ஓநாய் வந்தது.

"மலரு, பாய வருதுடி!"

"எனக்கு வெட்ட முடியாதுக்கா, நீ அமுக்கு!"

"எத?"

"வலது பக்கம் சதுரம், சதுரம்!"

"எல்லாம் ரவுண்டா கீதேடி!"

"பட்டன் மேல சதுரம் போட்டிருக்கு தேவி, கண்ணத் தொறந்து பாருங்க!" டீச்சர் கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்தார்.

அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையில் கிடைத்த சதுரத்தை அமுக்கினாள், அமுக்கினாள், அமுக்கிக்கொண்டேயிருந்தாள். ஓநாய் செத்த பிறகும் காற்றை வெட்டிக்கொண்டிருந்தாள் என் பெண். நர்ஸ் ஓடிவந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். மூன்று பேராலும் சிரிப்பை அடக்க முடியாமல் பதில் சொல்ல முடியவில்லை. சிரித்ததில் டீச்சருக்குத் தொடை வலித்தது. எனக்கு விலா வலித்தது. மூச்சு எண்ணிய விலா.

அக்கா என் கட்டைவிரலைப் பிடித்துவிட்டாள். சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். ரசம் சாதம் ஊட்டினாள். மறுபடி நடந்தேன். குன்றின் உச்சி தாண்டியதும் மரங்கள் குறைந்தன. தரை மணலானது. இசக்கி வேலை உடையோடு, நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய தடத்தோடு உள்ளே வந்தபோது, என் பெண் ஒரு பாறை விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள். கீழே கடல்.

அவர் பையைக்கூட இறக்கவில்லை. "இது எங்கனட்டி?"

"தெரியாது. நேரா வந்தேன்."

"யாரு ஓட்டுனா? அக்காவா?"

"நான்தாங்க."

அவர் திரையைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார், என் கட்டைவிரலைப் பார்த்தார். நான் அவருக்குக் காட்டுவதற்காக ஒரு முறை தள்ளினேன். இனி அந்தப் பக்கம் வழியில்லை என்று திரையில் எழுத்து வந்தது.

"ரெண்டு வருசமா ஆடுதேன்" என்றார். "இதுல கடல் இருக்குன்னே எனக்குத் தெரியாது." கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து என் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். கிரீஸ் வாசனை அடித்தது. ரொம்ப நேரம் அலைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா எங்களுக்கு டீ வாங்கிவரப் போனாள்.

அதற்குப் பிறகு வேகமாக எதுவும் நடந்துவிடவில்லை. ஆள்காட்டி விரல் வர எட்டு நாள் ஆனது. வலது கை அதற்கும் பிறகு. ஓநாயை நானே வெட்டியபோது டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தார், போனில் சொன்னேன். சக்கர நாற்காலியில்தான் வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீடு இரண்டாம் மாடி. வீட்டு ஓனர் நாங்கள் கேட்பதற்கு முன்பே கீழே இருந்த தன் முன்னறையைக் காலி செய்து கட்டில் போட்டு வைத்திருந்தார். இரண்டு மாதம் அங்கே இருந்தோம். வாக்கர், பிறகு ஊன்றுகோல், பிறகு இசக்கியின் தோள், பிறகு சுவர். வல்லக்கோட்டையில் மொட்டை போட்டுக்கொண்டேன். அக்காவும் எனக்குத் துணையாக உட்கார்ந்து போட்டுக்கொண்டாள், அது வேண்டுதலில் இல்லை. பாதத்தில் மதமதப்பு இன்னும் இருக்கிறது. செருப்பு கழன்றால் சில நேரம் தெரியாது. ஆனால் நடக்கிறேன். மாலையில் ஒரு மணி நேரம் ஆடுகிறேன். லேப்டாப்புக்கு நானும் அவரும் முறை வைத்திருக்கிறோம். முறை தவறுவது அவர்தான்.

ஆறாம் மாதம் வேலைக்குப் போனேன். உட்கார்ந்து வேலை பார்க்கிற இடம் கொடுத்திருந்தார்கள். காலையில் கம்பெனி பஸ் வந்து நின்றது. அதன் முதல் படி எவ்வளவு உயரம் என்று அன்றுதான் பார்த்தேன். உள்ளிருந்து நான்கு கைகள் நீண்டன. "வேணாம்பா, நானே ஏறிக்கறேன்" என்றேன். கைகள் உள்ளே போயின. பின்னால் கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்தன. டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, அவசரமில்லை என்பது போல ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். முதல் முயற்சியில் முட்டி நடுங்கியது, காலை இறக்கிவிட்டேன். இரண்டாம் முறை கம்பியைப் பிடித்து, காலை ஊன்றி, எழுந்தேன்.

ஜன்னல் சீட்டை எனக்காக விட்டிருந்தார்கள். பஸ் கிளம்பியது. என் முடி இரண்டு அங்குலம்கூட வளர்ந்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, என் லைனில் வேலை செய்யும் ஜோதி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அவ்ளோ நாளு படுத்துக்கினே இருந்தியேக்கா, போர் அடிக்கல?" என்று கேட்டாள்.

"போர் அடிக்க எங்கடி டைம் இருந்துச்சு?" என்றேன்.